தரையைத் தொடாத தூண்

ஜூன் 2, திங்கள்

கட்டடம் வரையுறவன் டைரி எழுதணும்னு ஆர்க்கிடெக்ட் மகிழ்நன் சார் ஒரு பேட்டியில சொல்லிருக்காரு. டைரி வாங்கி வச்சு ஒரு வருசம் ஆச்சு. எழுதுற மாதிரி எதுவும் நடக்கல. இன்னைக்கு நடந்துருச்சு. மகிழ்நன் சார் ஆபீஸ்ல எனக்கு வேலை.

இன்னொரு தடவ எழுதிக்கிறேன். மகிழ்நன் சார் ஆபீஸ்ல எனக்கு வேலை.

நான் ஆர்க்கிடெக்சர் எல்லாம் படிக்கல. பி.காம், அதுலயும் அரியர். ஆனா இன்னும் கட்டாத கட்டடத்த கட்டி முடிச்ச மாதிரி கம்ப்யூட்டர்ல படம் போடுவேன். ரெண்டர்னு சொல்லுவாங்க. முழுக்க யூடியூப்ல கத்துக்கிட்டது. அது போக நம்ம மதுரையப் பத்தி 'பழைய மருத'ன்னு ஒரு இன்ஸ்டா பேஜ் நடத்துறேன். பழைய கதவு, பழைய ஜன்னல், பின்னாடி சோகமா ஒரு புல்லாங்குழல். தலைவன், அதான் மகிழ்நன் சார், ஒரு தடவ என் ஜன்னல் ரீலுக்கு ஹார்ட்டு விட்டாரு. அந்த ஸ்க்ரீன்ஷாட்டத்தான் பயோடேட்டாவுல மொதப் பக்கமா வச்சேன்.

என்னையப் பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அவரு மௌனம் ரொம்ப ஃபேமஸ். அப்புறம், "தேவா, நீ இந்த ஊர்தான?"ன்னாரு. என் பேரு தெய்வேந்திரன். எல்லாரும் தேவுன்னு கூப்புடுவாங்க. தேவாவும் நல்லாத்தான் இருக்கு.

மொத ப்ராஜெக்ட்டே நம்ம கம்பளிக்காரத் தெருவுல. கோயிலுக்குப் பக்கத்துல, எங்க அக்கா கடைய ஒட்டுன காலி எடத்துல, ஒரு பெரிய பாத்திரக்கடை வருது.

சங்கரி அக்காகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா போனதுல இருந்து மோட்டாருக்குக் காயில் கட்டுற கடைய அக்காதான் நடத்துது. வீட்டுல ரெண்டு பேரு சோறும் அந்தக் கடையிலதான். என் கம்ப்யூட்டரும் அதுலதான்.

"என் கடைக்கு எதும் ஆகுமாடா?"

"என்னக்கா ஆகப்போகுது. தலைவன் பழசக் கும்புடுறவரு."

"கும்புட்டுட்டுத்தாண்டா வெட்டுவாங்கெ"ன்னுச்சு.

ஜூன் 6, வெள்ளி

சைட் பாக்கப் போனோம். கட்டப்போற ஓனரு தவசிலிங்கம் அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கம். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நெழல்ல நின்னாரு. தலைவன் கருப்பு ஜிப்பா, கருப்புக் கண்ணாடி, நடு வெயில்ல செருப்பில்லாம நின்னாரு.

அண்ணாச்சி என் காதுல, "தம்பி, சாருக்குக் காலு சுடலியா?"

"கேட்டுக்கிட்டு இருக்காரு அண்ணாச்சி."

"என்னத்த?"

"மண்ணு என்ன சொல்லுதுன்னு."

"நான் சொல்லுதத மொதல்ல கேக்கச் சொல்லு. கோயிலுப் பக்கத்துல ஒசத்தி எழுப்ப விட மாட்டான். அதனால கீழ தோண்டணும். எஸ்கலேட்டரு வேணும். வாசல்ல இட்லிப்பானை அடுக்க எடம் வேணும். மண்ணு இதுக்கு என்ன சொல்லுதுன்னு கேட்டுரு."

தலைவன் கடைசியா வாயத் தொறந்தாரு. "இந்தத் தெருவுக்கு ஒரு ஞாபகம் இருக்கு. நாம அத எழுப்பணும்."

எனக்குப் புல்லரிச்சிருச்சு. அண்ணாச்சி, "எழுப்புங்க, எழுப்புங்க. ஆடி முடியவும் பூமிபூஜையப் போட்டுருவோம்"ன்னாரு.

கெளம்பும்போது தலைவன் அக்கா கடை இருக்குற கட்டடத்த ஒரு பார்வை பாத்தாரு. காரை போட்ட பழைய கட்டடம். மேல மர பால்கனி, வளைஞ்சு வளைஞ்சு இரும்புக் கிராதி. வீட்டு ஓனரு சோலைமலை அய்யாவோட தாத்தா கட்டுனது. கீழ அக்கா வாடகைக்கு. வாசல்ல ரெண்டு மோட்டார், எண்ணெக்கறை, மேல 'சங்கரி எலெக்ட்ரிக்கல்ஸ்'னு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு.

"கொஞ்சம் இரைச்சலா இருக்கு"ன்னாரு.

அப்ப மிஷின் எதுவும் ஓடல. கண்ணால கேட்டிருப்பாரு.

ஜூன் 12, வியாழன்

பிரச்சனை. பாரம்பரியக் குழுன்னு ஒண்ணு இருக்கு. புதுசா எது கட்டுனாலும் தெருவோட பழைய தோற்றத்துக்குப் பொருந்தணுமாம். பழைய தோற்றம் எதுன்னு காட்ட ஒரு போட்டோ வேணும். தேடித் தேடிப் பாத்துட்டேன். கோயில எடுத்துருக்காங்கெ, தெப்பக்குளத்த எடுத்துருக்காங்கெ. கம்பளிக்காரத் தெருவ ஒரு பயலும் எடுக்கல.

கடுப்புல பேஜுக்காக சும்மா ஒண்ணு செஞ்சேன். ஏஐகிட்ட வரிசையாத் தூணு கேட்டேன், வளைவு கேட்டேன், குதிரை வண்டி, தலைப்பாகையோட ஒரு ஆளு. வந்ததப் பழுப்பாக்கி, கீறல் போட்டு, ஒரு மூலைய மடக்கி, 'கம்பளிக்காரத் தெரு, 1905'னு எழுதிட்டேன். ஏன் 1905ன்னா என் டெம்ப்ளேட்டுல அது ஏற்கெனவே இருந்துச்சு. 'கற்பனை'ன்னு ஹேஷ்டேக்கும் போட்டுருக்கேன். கடைசில. 'மோர்' அமுக்குனா வரும்.

சின்னச் சின்னத் தப்பு இருக்கு. நடுத்தூணு ஒண்ணு தரைக்கு வரல, ஒரு சாண் மேலயே நின்னுருச்சு. தலைப்பாகைக்காரருக்கு வலது கையில ஆறு விரல். கடை போர்டுல எழுதிருக்குறது எந்த பாஷையும் இல்ல.

யாரு பாக்கப்போறா.

ஜூன் 13, வெள்ளி

எல்லாரும் பாத்துட்டாங்க.

காலைல எந்திரிச்சா போன் சூடா இருக்கு. 'கண்ணு கலங்கிருச்சு ப்ரோ', 'இதையெல்லாம் தொலைச்சிட்டமே', 'எங்க ஆத்தா இந்தத் தெருவுலதான் பொறந்துச்சு'. மத்தியானம் தலைவன் என்னைய ரூமுக்குள்ள கூப்புட்டாரு. மொத தடவ. அவரு போன்ல என் படம்.

"இது எங்க கெடச்சுது?"

சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள கண்ணாடியக் கழட்டிட்டாரு. அவரு கண்ணும் கலங்கியிருக்கு.

"என் கலெக்‌ஷன்ல இருந்துச்சு சார்"ன்னேன். பொய்யில்ல. டவுன்லோட் ஃபோல்டரும் ஒரு கலெக்‌ஷன்தான்.

"இந்தத் தூணப் பாரு தேவா. மண்ணுக்கும் கட்டடத்துக்கும் நடுவுல மூச்சு விட எடம் குடுத்திருக்கான். அந்தக் காலத்துலயே. பேரு தெரியாத ஒரு மேதை."

மேதைன்னாரு. என்னையத்தான சொல்றாரு.

ஜூன் 20, வெள்ளி

கட்டடத்தோட முகப்பு அப்படியே அந்தப் போட்டோதான். அதே வளைவு, அதே தூணு. நடுத்தூணு தரையத் தொடாது.

இஞ்சினியர் பால்சாமி சார் வந்தாரு. வரைபடத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"சார், தூணுன்னா எதையாச்சும் தாங்கணும். இது எதத் தாங்குது?"

"மௌனத்த"ன்னாரு தலைவன்.

"அது எத்தன டன்னுன்னு சொல்லுங்க. கணக்குப் போட்டுர்றேன்."

தலைவன் சிரிக்கல.

"கீழ தொடலேன்னா அதுக்குப் பேரு தூணு இல்ல சார். சரவிளக்கு."

தலைவன் பதிலே சொல்லாம ஜன்னலப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. பால்சாமி சாருக்கு சுகரு, சாப்பாட்டு நேரம் தள்ளக் கூடாது. கடைசில மேல இரும்பு உத்தரம் வச்சு தூணத் தொங்கவிடுறேன்னு ஒத்துக்கிட்டு டிபன் பாக்ஸத் தொறந்தாரு. பெரிய ஆளுங்க எப்படி வாதம் பண்ணி ஜெயிக்குறாங்கன்னு நேர்ல பாத்தேன்.

பால்சாமி சார் போகும்போது எங்கிட்ட, "தம்பி, அந்தப் போட்டோ ஒரிஜினல ஒரு தடவ பாக்கலாமா?"ன்னாரு. ஹார்டு டிஸ்க் போயிருச்சுன்னுட்டேன்.

அண்ணாச்சிக்குத் தூணு ரொம்பப் புடிச்சுப்போச்சு. "காத்துல நிக்குத தூணா. பாக்கவாவது கூட்டம் வரும்லா. வந்தவன் ஒரு குக்கரு எடுக்காமலா போவான்?"

ஜூலை 1, செவ்வாய்

லேடீஸ் ஹாஸ்டல் மோட்டாரக் கொண்டு போய்க் குடுக்கச் சொல்லுச்சு அக்கா. ரெண்டர்ல உக்காந்து மறந்துட்டேன். ஹாஸ்டல்ல நாள் பூரா தண்ணி இல்ல. அக்கா எங்கூடப் பேசல. இந்த மௌனம் தலைவனோடது மாதிரி இல்ல.

ஜூலை 8, செவ்வாய்

குழுக் கூட்டம். என் போட்டோவ செவுரு அளவுக்குப் பெருசாக்கி ப்ரொஜெக்டர்ல விட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, என் படம்னு சொல்லக் கூடாது.

குழுத் தலைவரு பேராசிரியர் திருமேனி. ரிட்டயர்டு. குச்சிய எடுத்துக்கிட்டு கடை போர்டுகிட்டப் போனாரு. ப்ரொஜெக்டர் ஒயரப் புடுங்கிரலாமான்னு பாத்தேன்.

"இது பழைய எழுத்தோட சாயல். தேஞ்சிருக்கு. ஆனா மொத எழுத்து 'க' மாதிரித் தெரியுது. கம்பளிக்காரத் தெருவேதான்."

எல்லாரும் தலையாட்டுனாங்க. ஒருத்தரு எந்திரிச்சு, சின்னப் புள்ளையில அந்தத் தூணச் சுத்தி ஓடிப்புடிச்சு வெளையாண்டதா சொன்னாரு. எந்தத் தூணுன்னு கேட்டதுக்கு நடுத்தூணையே காட்டுனாரு. "அது அப்பவே ஆடும்"னாரு.

அப்புறம் நம்ம சோலைமலை அய்யா. அக்கா கடை வீட்டு ஓனரு. தடிய ஊனிக்கிட்டே வந்து படத்துக்குக் கிட்ட நின்னு, ரொம்ப நேரம் பாத்தாரு.

"இந்தத் தலைப்பாகை எங்க பூட்டன்யா."

"எப்படிச் சொல்றீக?"ன்னாரு பேராசிரியர்.

"கை விரல எண்ணுங்க."

எண்ணுனாங்க. ஆறு.

"எங்க வம்சத்துக்கே ஆறு விரலு உண்டு"ன்னாரு. "எனக்கு இல்ல. எங்க அப்பாருக்கு இல்ல. தாத்தாவுக்கும் இல்ல. ஆனா உண்டு."

ரெண்டு பேரு கண்ணத் தொடச்சாங்க. பாத்திரக்கடைக்கு அனுமதி கெடச்சிருச்சு. தலைவன் தூரத்துல இருந்து எனக்குக் கட்டைவிரலத் தூக்கிக் காமிச்சாரு. வாழ்க்கையில வேற என்ன வேணும்.

கடைசியா ஒரு தீர்மானம் போட்டாங்க. தெரு முழுக்க 1905 தோற்றத்துக்கே திரும்பணும், மொதல்ல பக்கத்துக் கட்டடம். பக்கத்துக் கட்டடம்னா அக்கா கடை. ஆனா தோற்றம்னுதான சொன்னாங்க. பெயிண்டா இருக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

பெயிண்ட் இல்ல.

சோலைமலை அய்யா கடைக்கே வந்துட்டாரு. முன் பக்கத்த மொத்தமா இடிச்சு, பால்கனியக் கழட்டி, போட்டோவுல இருக்குற மாதிரித் தூணு நிறுத்தப்போறாங்களாம். செலவு அண்ணாச்சியோடது. அதுக்குப் பதிலா கீழ இருக்குற எடம் அண்ணாச்சிக்கு. ஆடி முடியவும் இடிப்பு. அதுக்குள்ள அக்கா காலி பண்ணணும்.

"அய்யா, இது ஒங்க தாத்தா கட்டுன வீடுய்யா"ன்னுச்சு அக்கா.

"இருக்கட்டும்மா. எங்க பூட்டன் காலத்து வீடு போட்டோவுல அம்புட்டு அழகா இருக்கு. அதக் கொண்டாரணும்ல."

அவரு போனதும் அக்கா ஸ்டூலப் போட்டு ஏறி ஃப்ளெக்ஸ் போர்டக் கழட்டுச்சு. பின்னாடி கைப்பிடிச் செவுத்துல, சுண்ணாம்புல கொடி வளைச்சு, நடுவுல '1911'. அது அங்க இருக்குறதே எனக்குத் தெரியாது. பழைய மருத பேஜ் நடத்துறவன் நான்.

போட்டோ எடுத்து பேராசிரியருக்கு அனுப்புனேன். உடனே பதில் வந்துச்சு. '1911 என்பது 1905க்குப் பிந்தையது. எனவே இது பிற்கால ஒட்டு. அகற்றுவது சரியே.'

அக்கா என் போன வாங்கிப் படிச்சுட்டு, "அந்த இன்னொரு போட்டோ ஒனக்கு எங்கடா கெடச்சுது?"ன்னுச்சு.

சொன்னேன்.

"நீ செஞ்சதா?"

"ம்."

"தூணு ஏன் காத்துல நிக்குது?"

"தப்பா வந்துருச்சுக்கா."

"அந்தத் தப்பத்தான் அண்ணாச்சி கட்டப்போறாரா?"

"ம்."

வார்னிஷ் பிரஷ்ஷ டப்பாவுல போட்டுச்சு. என்னைய வையும்னு நெனச்சேன். வையல.

"யாருகிட்டச் சொல்லணுமோ போயிச் சொல்லிரு. இந்த எடத்த விட்டா கோயில் பக்கத்துல எவன் நமக்குக் கடை தருவான்? வீட்டுக்குள்ள வச்சா காயில் கட்ட முடியும்?"

ஜூலை 18, வெள்ளி

தலைவன்கிட்டச் சொல்லிட்டேன்.

"சார், அந்தப் போட்டோ நெசம் இல்ல. ஏஐல நான் செஞ்சது."

தலைவன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"தேவா, நீ செய்யல. அது உன் வழியா வந்துச்சு."

புல்லரிச்சிருச்சு. மாடிப்படி எறங்குற வரைக்கும் அரிச்சது. கீழ டீக்கடையில பாதி டீ குடிச்சப்பறம்தான் தோணுச்சு, நான் வந்தது கடைக்காகன்னு. திரும்ப ஏறுனேன்.

"சார், எங்க அக்கா கடை..."

"எந்தக் கடை?"

"இரைச்சலா இருக்குன்னீங்களே சார்."

"ஓ, அது." கண்ண மூடிக்கிட்டாரு. "ஞாபகம் வரும்போது நிஜம் கொஞ்சம் வழி விடணும்."

போன மாசம் இந்த வரியக் கேட்டிருந்தா டீசர்ட்ல அடிச்சிருப்பேன்.

ஜூலை 22, செவ்வாய்

பேஜ்ல போட்டுட்டேன். 'கம்பளிக்காரத் தெரு படம் ஏஐ. செஞ்சது நான். மன்னிச்சிருங்க.' எப்படிச் செஞ்சேன்னு வீடியோவும் எடுத்துப் போட்டேன். தூணு எப்படித் தப்பா வந்துச்சு, விரலு எப்படிக் கூடுச்சு, எல்லாம்.

ஜூலை 23, புதன்

'எம்புட்டு வாங்குன ப்ரோ?'

'மருத வரலாற மூடி மறைக்க ஒரு கும்பலே வேலை செய்யுது. நண்பர்களே உஷார்.'

'வீடியோதான் ஏஐ. போட்டோ ஒரிஜினல். நல்லாப் பாருங்க.'

பேராசிரியர் போன் பண்ணுனாரு. சத்தம் போடுவாருன்னு பாத்தா ரொம்பப் பாசமாப் பேசுனாரு. "தம்பி, ஏஐ சும்மா எதையும் உருவாக்காது. எங்கயோ இருக்குற பழைய படங்களப் பாத்துத்தான் செய்யும். அப்ப மூலப் படம் ஒண்ணு இருக்குன்னு நீயே நிரூபிச்சிட்ட. குழு சார்பா நன்றி."

சோலைமலை அய்யா போன்ல எல்லாம் பேசல. நேரா கடை வாசலுக்கு வந்து தடியத் தரையில தட்டுனாரு. "எங்க பூட்டன இல்லேன்னு சொல்ல நீ யாருடா? நீ பொறந்தப்ப ஒனக்கு எத்தன விரலு இருந்துச்சுன்னு ஒங்க அக்காகிட்டக் கேளுடா."

ஏன் அப்படிக் கேட்டாருன்னு இன்னும் புரியல. ஆனா விரல ஒரு தடவ எண்ணிப் பாத்துக்கிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆபீஸ் வரவேற்பறையில என் போட்டோவ ஃப்ரேம் போட்டு மாட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நான் மூணு நாளாப் போகல. யாரும் ஏன்னு கேக்கல.

ஜூலை 30, புதன்

அக்கா சாமான்களக் கட்ட ஆரம்பிச்சிருச்சு. வார்னிஷ் டப்பாவ அட்டைப் பெட்டியில அடுக்கிக்கிட்டே பேசுச்சு.

"நெசத்தச் சொன்ன. நம்பல. சரி. எப்படி இருந்தாடா நம்புவாங்கெ?"

"பழசா இருந்தா நம்புவாங்க."

"இந்தக் கட்டடமே பழசுதானடா, லூசு."

"போட்டோ பாக்கப் பழசா இருக்கணும்க்கா. மூலை மடங்கியிருக்கணும்."

"அப்ப மடக்கு."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. அக்கா ஏற்கெனவே பெட்டியப் பிரிச்சு டப்பாக்கள வெளிய எடுத்து வச்சிருச்சு.

எதுத்த மாடியில ஏறி போன்ல எடுத்தேன். காலைல நல்ல வெளிச்சம். தெருவுல வண்டி வராம இருக்க அக்கா நடு ரோட்டுல நின்னுச்சு. ஒரு தண்ணி லாரிக்காரரு ஹாரன் அடிச்சதுக்கு, "செத்த நில்லுங்கண்ணே, உள்ள 1905 ஓடிக்கிட்டு இருக்கு"ன்னுச்சு. அவரும் எட்டிப் பாத்துட்டு இஞ்சின ஆஃப் பண்ணிட்டாரு.

ஒயரு, கரண்ட் பொட்டி, டிஷ் எல்லாம் எடுத்துட்டேன். கட்டடத்துல மட்டும் கை வைக்கல. கிராதி அப்படியே, பால்கனி அப்படியே, காரை பேந்த எடமும் அப்படியே. என் பேஜ்ல நான் பொய்யில்லாம எடுத்த மொதப் படம் இது. அப்புறம் பழுப்பாக்குனேன்.

வாசல்ல பூட்டன் நிக்கணும்ல. ஆளுக்கு எங்க போறது. அக்கா என் தலையில துண்டச் சுத்துச்சு, அப்பா வேட்டியக் குடுத்துச்சு. நின்னேன், அக்கா எடுத்துச்சு.

"வெறைப்பா நில்லு. ஓசிச் சோத்துக்கு நிக்குற மாதிரி நிக்காத. பூட்டன்டா நீ."

கம்ப்யூட்டர்ல உக்காந்தப்ப பின்னால வந்து எட்டிப் பாத்து, "விரல மறந்துறாத"ன்னுச்சு.

சேத்தேன். 'கம்பளிக்காரத் தெரு, 1905. இன்னொரு போட்டோ கெடச்சிருக்கு.' அவ்வளவுதான் எழுதுனேன்.

ஆகஸ்ட் 6, புதன்

என்னைய விட்டுட்டுப் போன ஃபாலோயர்ஸ் எல்லாம் திரும்பி வந்துட்டாங்க. கூட அவங்க சொந்தக்காரங்களும் வந்துருக்காங்க. 'மிரட்டலுக்குப் பணியாத தம்பி'ன்னு எவனோ எனக்கு ரீல் போட்டுருக்கான்.

சோலைமலை அய்யா பேராசிரியரையும் கூட்டிக்கிட்டு கடைக்கு வந்தாரு. பேரன் போன்ல படம். நான் மோட்டாருக்குப் பின்னால உக்காந்து நட்டு முடுக்குற மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

"அதே ஆளு. அதே விரலு. மூக்கப் பாருங்க, என் மூக்கு. எங்க அப்பாரு சொல்லுவாரு, ஒங்க பூட்டனுக்குக் கொஞ்சம் திருட்டு முழி இருக்கும்னு. பாருங்க, இருக்கா இல்லையா?"

"இருக்கு"ன்னுச்சு அக்கா. "நல்லாவே இருக்கு."

"இந்த வாசப்படியிலதான்யா நின்னுருக்காரு. இத எவன்யா இடிக்கச் சொன்னது?"

பேராசிரியர் தொண்டையச் செருமுனாரு. "ரெண்டு போட்டோவும் ஒரே வருசம். ஆனா ஒண்ணுல தூணு இருக்கு, ஒண்ணுல இல்ல. யோசிச்சுப் பாத்தேன். தெருவுக்கு ரெண்டு பக்கம் உண்டே. போட்டோக்காரன் திரும்பி நின்னுருக்கான்."

இடிப்பு ரத்து. முன்வாசல் உள்ளபடியே இருக்கும். "கடையும் இருக்கட்டும்மா. பூட்டன் வாசல்ல ஆள் நடமாட்டம் வேணும்ல"ன்னாரு அய்யா. போகும்போது வாசப்படியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அங்க நேத்து நான் கிரீஸ் கொட்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு எடம் போன வருத்தம் எல்லாம் இல்ல. "பக்கத்துலயே பூட்டனா. அவரு பேர்ல ஒரு அண்டா இறக்கிருவோமா?"ன்னு கேட்டு ஆளு அனுப்பிருந்தாரு.

அக்கா எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்துச்சு. ஸ்பெஷல்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆடி முடிஞ்சிருச்சு. பூமிபூஜை. சாம்பிளுக்கு ஒரு தூண ஃபைபர்ல செஞ்சு, இரும்புச் சட்டத்துல தொங்கவிட்டுருந்தாங்க. காத்தடிச்சா லேசாத் திரும்புது. கீழ இருக்குற ஒரு சாண் சந்துல வாட்ச்மேன் தூக்குச்சட்டிய வச்சிருந்தாரு. வெயில் படாத எடம் அது ஒண்ணுதான்.

தலைவன் அதப் பாத்தாரு. போச்சு, வாட்ச்மேனத் தொலைச்சாருன்னு நெனச்சேன். குனிஞ்சு உக்காந்து தூக்குச்சட்டிய போட்டோ எடுத்தாரு. 'இடைவெளியை மக்கள் எடுத்துக்கொண்டார்கள்'னு அப்பவே போஸ்ட் வந்துருச்சு. பழக்க தோசத்துல லைக் போட்டுட்டேன்.

என்னையத் தாண்டிப் போகும்போது, "நல்லா இருக்கியா தயா?"ன்னாரு.

எல்லாம் முடிஞ்சு சுண்டல் குடுக்கும்போது பேராசிரியர் அக்கா கடைய அண்ணாந்து பாத்தாரு. சுண்டல் வாய்க்குப் போகல.

"1905 போட்டோவுல இருக்குற கட்டடத்துல 1911ன்னு எப்படி இருக்கு?"

நான் அக்காவப் பாத்தேன். அக்கா என்னையப் பாத்துச்சு. ஏண்டான்னு கேக்குற மாதிரி. எல்லாரும் அண்ணாந்து பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. இந்தா எல்லாமே அவுந்துச்சு, திரும்பவும் பெட்டி கட்டணும்னு நெனச்சேன்.

பேராசிரியர் சுண்டல மென்னு முழுங்குனாரு.

"கொத்தனார் பிழை"ன்னாரு. "அந்தக் காலத்துல அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதில்லையா. திருத்திரணும்."

ஆகஸ்ட் 29, வெள்ளி

திருத்திட்டாங்க. கொத்தனாரு சாரம் கட்டி ஏறி, உளிய வச்சுக் கடைசி ரெண்டு ஒண்ணையும் பேத்து எடுத்துட்டாரு. சிமெண்ட்ல '05' வச்சாரு. பழைய '19' வெளுத்துப் போய் இருக்கு, புது '05' கருகருன்னு இருக்கு. குழுக்காரங்க கீழ நின்னு கை தட்டுனாங்க. சோலைமலை அய்யா கொத்தனாருக்குத் துண்டு போட்டாரு. அய்யாவோட சொந்தத் தாத்தா எழுதி வச்சது அந்த 1911.

பேந்து விழுந்த ரெண்டையும் அக்கா பொறுக்கி எடுத்துட்டு வந்து மேஜையில வச்சுச்சு. ஒண்ணு முழுசா இருக்கு, இன்னொண்ணு கொஞ்சம் மூளி.

"ஏண்டா, அந்த ரெண்டாவது போட்டோவுல 1912ன்னு போட்டிருந்தா இது தப்பிச்சிருக்கும்ல?"

"டெம்ப்ளேட்டுல இருந்துச்சுக்கா."

ஃபேன் காத்துல காயில் பேப்பர் பறந்துக்கிட்டு இருந்துச்சு. அக்கா ஒரு ஒண்ண பேப்பர் மேல இந்தப் பக்கம் வச்சுச்சு, இன்னொரு ஒண்ண அந்தப் பக்கம். பேப்பர் அடங்கிருச்சு. வேலையப் பாக்க ஆரம்பிச்சிருச்சு.

நான் அத அப்படியே எடுத்தேன். பழுப்பாக்கல, கீறல் போடல, மூலைய மடக்கல. 'இதுதான் ஒரிஜினல்'னு மட்டும் எழுதி பேஜ்ல போட்டேன்.

மொத கமெண்ட் உடனே வந்துச்சு. 'ஏஐன்னு பாத்தாலே தெரியுது ப்ரோ. ரெண்டாவது ஒண்ணு மூளியா இருக்கு.'

என்ன பதில் எழுதலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா தலையத் தூக்காமலே, "ஏ பூட்டா, ஹாஸ்டல் மோட்டார் ரெடி. வண்டியில ஏத்து"ன்னுச்சு.

போனப் பையில போட்டுட்டு மோட்டார ஏத்துனேன். இந்தத் தடவ மறக்கல.